அரிசிப் பானைக்குள் கிடந்த சம்மன்

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இராமநாதபுரம் மாவட்டக் கோர்ட்டுகளில் முப்பத்தோரு வருஷம் வேலை பார்த்து, அமீனாவாக, அதாவது கோர்ட் உத்தரவை வீடு தேடிப் போய் நிறைவேற்றுகிற ஊழியராக, ஓய்வு பெற்றவன் நான். தொண்டியிலிருந்து சாயல்குடி வரை இந்தக் கரையோரத்தில் ஜப்தி வாரண்டைக் கையில் வைத்துக்கொண்டு நான் ஏறி இறங்காத தெரு குறைவு. இப்போது தேவிபட்டினத்துக்குப் பக்கத்தில் சொந்த ஊரில் இருக்கிறேன். போன வாரம் எங்கள் தெருவில் நடந்த ஒன்றைப் பார்த்த பிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை. கொஞ்சம் நீளமாகத்தான் போகும். பொறுத்துக்கொண்டு பிரசுரிக்க வேண்டுகிறேன்.

எங்கள் தெருவில் நண்டு வலை கட்டிப் பிழைக்கிற ஒரு பெண் இருக்கிறார். எனக்கு மகள் முறை. புருஷன் தவறி இரண்டு வருஷம் ஆகிறது. மகன் மண்டபத்தில் விசைப்படகில் கூலிக்குப் போகிறான். அந்தப் பையன் ராத்திரி ஒன்பது மணிக்கு மூச்சு வாங்க ஓடிவந்து கதவைத் தட்டினான். "தாத்தா, காலையில அமீனா வந்து வீட்டுக்கு சீல் வைக்கப் போறாராம். அம்மா அழுதுக்கிட்டே இருக்கு" என்றான். போனைக் காட்டினான். வாட்ஸ்அப்பில் ஒரு தாள். மேலே தராசுப் படம், நடுவில் சிவப்பு எழுத்தில் 'ஜப்தி உத்தரவு', கீழே ஒரு போன் நம்பர். அனுப்பியவர் மகளிர் குழுக் கடன் வசூலிக்க வருகிற ஆள். மீன்பிடித் தடைக்காலத்தில் வருமானம் நின்று மூன்று தவணை பாக்கி விழுந்திருக்கிறது.

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு தடவை படித்தேன். எந்தக் கோர்ட் என்று இல்லை. வழக்கு எண் இல்லை. நீதிபதி கையெழுத்து இல்லை. "இது வெறும் மிரட்டல், போய் நிம்மதியாத் தூங்குங்க" என்று சொல்லிவிட்டு, வேலை பார்த்த பழக்கத்தில் அவர்கள் வீடு வரை நடந்து போய் அந்தப் பெண்ணிடம் ஒரு கேள்வி கேட்டேன். "கோர்ட்ல இருந்து வேற எதாவது தாள் வந்துச்சாம்மா?"

அவர் பதில் சொல்லவில்லை. உள்ளே போனார். அரிசிப் பானைக்குள் முழங்கை வரை கையை விட்டு, ரேஷன் கடைப் பையில் சுற்றிய காக்கி நிறக் கவர் ஒன்றை எடுத்து வந்து கொடுத்தார். அரிசித் தவிடு ஒட்டியிருந்தது. ஒட்டிய இடம் ஒட்டியபடியே இருந்தது, பிரிக்கவே இல்லை. தபால்காரரிடம் கையெழுத்துப் போட்டு வாங்கி இரண்டு வாரம் ஆகிவிட்டதாம். "பிரிச்சா ஏத்துக்கிட்ட மாதிரி ஆயிரும்னு சொன்னாங்கப்பா" என்றார்.

அது உண்மையான சம்மன். அவர் புருஷன் மதுரையில் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது உள்ளூர்க்காரர் ஒருவரிடம் புரோநோட்டு எழுதி வாங்கிய பணம். வழக்குப் போட உள்ள மூன்று வருஷக் கெடு முடிவதற்குச் சில நாள் இருக்கும்போது பிராது போட்டிருக்கிறார்கள். முதல் வாய்தா இன்னும் வரவில்லை. நல்ல வேளை.

பொய்த் தாளுக்கு நடுங்கி அழுத வீடு, மெய்த் தாளை அரிசிக்குள் புதைத்து வைத்திருந்தது. முப்பத்தோரு வருஷமும் நான் இதைத்தான் பார்த்தேன். நான் ஜப்திக்குப் போன வீடுகளில் பாதிக்கு மேல் அப்படி ஒரு தாளைப் பிரிக்காமல் விட்ட வீடுகள்தான்.

அமீனா யார் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். வசூலுக்கு வருகிறவர்கள் எல்லோரும் இந்தப் பெயரைச் சொல்லித்தான் பெண்களைப் பயமுறுத்துகிறார்கள். அமீனா கோர்ட் ஊழியர். எந்தக் கம்பெனிக்கும், எந்த வட்டிக்காரருக்கும் சொந்த அமீனா கிடையாது. கடன் கொடுத்தவர் பிராது போட வேண்டும். உங்களுக்குச் சம்மன் வர வேண்டும். விசாரணை நடந்து டிக்ரி, அதாவது பணத்தைக் கட்டச் சொல்லும் தீர்ப்பு, ஆக வேண்டும். டிக்ரிப் பணம் வரவில்லை என்று அவர் நிறைவேற்று மனு போட வேண்டும், கோர்ட் பேச்சில் ஈ.பி. என்போம். அதில் நீதிபதி உத்தரவு போட்ட பிறகுதான் வாரண்ட் நாசர் என்ற கோர்ட் அலுவலர் வழியாக அமீனா கைக்கு வரும். அதில் கோர்ட் பெயர், ஈ.பி. எண், இரண்டு தரப்புப் பெயர், எவ்வளவு பணம், எந்தத் தேதிக்குள் வாரண்டைத் திருப்ப வேண்டும், கையெழுத்து, முத்திரை எல்லாம் இருக்கும். கேட்டு வாங்கிப் படிக்கலாம். எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்குத் திண்ணையில் உட்கார்ந்து நானே வாசித்துக் காட்டியிருக்கிறேன். அந்தத் தொகையை அங்கேயே கட்டிவிட்டால் அமீனா பொருளைத் தொடாமல் திரும்பிப் போக வேண்டும், வாரண்டிலேயே அப்படித்தான் எழுதியிருக்கும்.

பொழுது சாய்ந்த பிறகும் விடிவதற்கு முன்பும் ஜப்திக்காக வீட்டுக்குள் நுழையக் கூடாது. கடன் வாங்கியவர் குடியிருக்கிற வீடாக இருந்து, அவர் உள்ளே விட மறுத்தால் ஒழிய வாசல் கதவை உடைக்கக் கூடாது. வெளி ஆட்கள் முன் வராத வழக்கம் உள்ள பெண்கள் உள்ளே இருந்தால், அவர்கள் விலகிப் போக அவகாசம் கொடுக்க வேண்டும். கீழக்கரையிலும் தொண்டியிலும் எத்தனையோ வீட்டுத் திண்ணைகளில் நான் அப்படிக் காத்திருந்திருக்கிறேன். "லாத்தா, நான் இங்கனயே இருக்கேன், நீங்க அந்தப் பக்கம் போயிட்டுச் சொல்லி அனுப்புங்க" என்பேன். ஜப்திக்கு வந்தவனுக்குத் தண்ணீர் கொடுத்து அனுப்பிய வீடுகள் அவை.

எதை எடுக்கலாம், எதை எடுக்கக் கூடாது என்பதையும் சட்டம் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. 1908-ம் வருஷத்து உரிமையியல் நடைமுறைச் சட்டத்தில் 60-வது பிரிவு. கடன் வாங்கியவரும் மனைவி மக்களும் உடுத்தத் தேவையான துணி, சமைக்கிற பாத்திரம், கட்டில், படுக்கை ஆகியவற்றைத் தொடக் கூடாது. மத வழக்கப்படி பெண்கள் கழற்றக் கூடாத நகை, நம் பக்கத்தில் தாலி, அதையும் தொடக் கூடாது. கைவினைஞரின் கருவிகள், விவசாயியின் ஏர், பிழைப்புக்கு வேண்டிய மாடு, விதை ஆகியவற்றுக்கும் விலக்கு உண்டு. விவசாயியோ கூலித் தொழிலாளியோ வீட்டு வேலை செய்பவரோ தான் குடியிருக்கிற சொந்த வீட்டுக்கும் விலக்கு உண்டு, அந்த வீட்டையே அடமானம் வைத்து வாங்கிய கடனாக இருந்தால்தான் நிலைமை வேறு. கூலியையும் ஓய்வூதியத்தையும் வருங்கால வைப்பு நிதியையும் தொட முடியாது. சம்பளக்காரர் என்றால் முதல் 1,000 ரூபாயும், மீதியில் மூன்றில் இரண்டு பங்கும் அவருக்கே.

இந்தப் பிரிவை நான் மனப்பாடமாகச் சொல்வேன். ஆனால் அதில் மீனவர் என்ற சொல் கிடையாது. அந்தக் குறை என் மனதில் முள்ளாக இருக்கிறது. எப்படி என்று சொல்கிறேன்.

நான் அமீனாவாகப் புதிதாக வந்த சமயம். திருப்பாலைக்குடிப் பக்கம் ஒரு கிழவர் மேல் வாரண்ட். வாதியின் ஆள் அடையாளம் காட்டக் கூட வந்தார். கிடுகு வேய்ந்த ஒற்றை அறை. ஒரு அலுமினியச் சட்டி, இரண்டு தட்டு, சுருட்டி வைத்த பாய். "சட்டியை எழுதுங்க" என்றார் கூட வந்தவர். முடியாது என்றேன். "அப்ப அதை எழுதுங்க" என்று முற்றத்தைக் காட்டினார். மூங்கிலில் வலை காய்ந்துகொண்டிருந்தது. அன்று காலை கடலுக்குப் போய் வந்த வலை. கண்ணிகளில் மீன் செதில் ஒட்டி மின்னியது.

ஏர் என்றால் விட்டுவிட்டு வந்திருப்பேன், சட்டத்தில் இருக்கிறது. தச்சரின் உளி என்றாலும் விட்டிருப்பேன். வலைக்கு என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. கைவினைஞர் கருவி என்ற சொல்லுக்குள் வலையும் வரும் என்று வாதாடிப் பெறலாம். வாதாடக் கிழவருக்கு வக்கீல் இல்லை, அவர் எந்த வாய்தாவுக்கும் வந்ததும் இல்லை. எழுதினேன். ஜப்திப் பட்டியலில் 'நைலான் வலை ஒன்று' என்று எழுதி, இரண்டு சாட்சிக் கையெழுத்து வாங்கினேன். கிழவர் ரேகை வைத்தார். அழவும் இல்லை, திட்டவும் இல்லை. வலையை இரண்டு பேர் சுருட்டித் தூக்கும்போது எழுந்து வந்து, சிக்கல் விழாமல் இருக்க ஒரு முனையை அவரே மடித்துக் கொடுத்தார். "அமீனாய்யா, வெயில்ல போட்ராதீங்க. நிழல்ல போடுங்க. வெயில்ல கிடந்தா நூல் இத்துப் போயிரும்" என்றார்.

நிழலில்தான் போட்டோம், கோர்ட்டுக்குப் பின்னால் சாமான் அறையில். ஏலத் தேதி இரண்டு முறை தள்ளிப் போனது. ஏலம் போட எடுத்து விரித்தபோது எலி கடித்து நடுவில் ஆள் நுழைகிற அளவுக்கு ஓட்டை. பழைய சாமான் வியாபாரி ஒருவர் எடுத்தார். வந்த பணம் கடனில் ஒரு மாத வட்டிக்குக்கூடக் காணாது. கடன் கொடுத்தவருக்கும் பணம் வரவில்லை, கிழவருக்கும் தொழில் போனது. அவர் கையில் வலை இருந்திருந்தால் மாதம் இவ்வளவு என்று கட்டியிருப்பார். நான் செய்தது உத்தரவுப்படி சரி. இன்றைக்கு வரை அது எனக்குச் சரியாகப் படவில்லை.

அதனால் முதல் கோரிக்கையை இங்கேயே வைத்துவிடுகிறேன். விவசாயியின் ஏருக்கும் மாட்டுக்கும் கொடுத்த விலக்கை, மீனவரின் வலைக்கும், நாட்டுப் படகுகளான வத்தைக்கும் வல்லத்துக்கும், படகில் மாட்டுகிற ஒரு எஞ்சினுக்கும் பெயர் சொல்லிக் கொடுக்க வேண்டும். உரிமையியல் நடைமுறை பொதுப் பட்டியலில் இருக்கிறது. குடியரசுத் தலைவர் ஒப்புதலோடு தமிழ்நாடு அரசே இந்தத் திருத்தத்தைக் கொண்டுவரலாம். கடலோரத் தொகுதிகளின் சட்டமன்ற உறுப்பினர்கள் இதைக் கையில் எடுக்க வேண்டும்.

இனி சம்மனுக்கு வருகிறேன். கவரைப் பிரித்தால் கடனை ஏற்றுக்கொண்டதாகிவிடாது. பிரிக்காமல் விட்டால்தான் வம்பு. வாங்க மறுத்தாலும் கோர்ட் சார்வு ஆனதாக, அதாவது உங்களிடம் சேர்ந்துவிட்டதாக எடுத்துக்கொள்ளும், கதவில் ஒட்டினாலும் அப்படித்தான். வாய்தா அன்றைக்கு நீங்கள் வராவிட்டால் ஒருதலைப்பட்சமாக டிக்ரி ஆகிவிடும். எதிர்த்தரப்பு சொன்ன கணக்கே கணக்கு. எங்கள் தெருப் பெண்ணின் வழக்கையே பாருங்கள். புரோநோட்டில் கையெழுத்துப் போட்டது புருஷன் மட்டும். சட்டப்படி, இறந்தவர் விட்டுப்போன சொத்து வாரிசு கைக்கு எவ்வளவு வந்ததோ அந்த அளவுக்குத்தான் வாரிசு பொறுப்பு. வலை கட்டிச் சம்பாதித்த அவருடைய சொந்தக் காசிலிருந்து அந்தக் கடனைப் பிடிக்க முடியாது. இதை வாய்தா அன்று வந்து சொன்னால்தான் உண்டு. வராவிட்டால் டிக்ரி எந்த வாசகத்தில் எழுதப்படும் என்பது எதிர்த்தரப்பு கேட்டபடி போய்விடும்.

தவணை விஷயமும் அப்படித்தான். வழக்கு நடக்கும்போதே வந்து, "கடன் உண்மைதான்யா, ஒரே தடவையில கட்ட முடியாது" என்று சொல்லிக் காரணத்தையும் காட்டினால், டிக்ரியிலேயே தவணை போட நீதிபதிக்கு அதிகாரம் இருக்கிறது. டிக்ரி ஆன பிறகு தவணை வேண்டுமென்றால் கடன் கொடுத்தவர் சம்மதிக்க வேண்டும். இந்த ஒரு வித்தியாசம் தெரியாமல் எத்தனை பேர் என்னிடம் வாசலில் நின்று "ஆறு மாசம் டைம் வாங்கிக் கொடுங்க" என்று கெஞ்சியிருக்கிறார்கள்! அமீனாவால் ஒரு நாள்கூடக் கொடுக்க முடியாது. வாரண்டில் எழுதியதற்கு முன்னும் பின்னும் பார்க்க அவனுக்கு அதிகாரம் இல்லை.

ஏற்கெனவே ஒருதலைப்பட்ச டிக்ரி ஆகிவிட்டவர்கள், அந்தத் தேதியிலிருந்து 30 நாளுக்குள் அதை ரத்து செய்ய மனுப் போடலாம். சம்மனே முறையாக வரவில்லை என்றால், டிக்ரி விஷயம் தெரிந்த நாளிலிருந்து 30 நாள். அதைத் தாண்டினால் தாமதத்துக்குத் தனியாகக் காரணம் சொல்ல வேண்டும். டிக்ரி வாங்கியவர் 12 வருஷம் வரை அதை நிறைவேற்ற வரலாம் என்பதையும் நினைவில் வையுங்கள். "ரெண்டு வருஷமா சத்தமே இல்ல, விட்டுட்டாங்க" என்று யாரும் இருந்துவிட வேண்டாம்.

இன்னொன்று. பாம்பன் பக்கம் கருவாட்டு வியாபாரம் செய்த ஒரு அம்மா. டிக்ரி ஆன பிறகு கடன் கொடுத்தவர் வீட்டுக்கே போய் நான்கு தடவையாகப் பணத்தைக் கையில் கொடுத்திருக்கிறார். அவரும் ஒரு நோட்டில் வரவு எழுதிக் கொடுத்திருக்கிறார். அப்புறம் அவர் இறந்துபோக, பிள்ளைகள் முழுத் தொகைக்கும் ஈ.பி. போட்டுவிட்டார்கள். வாரண்டோடு போன என் முன்னால் அந்த நோட்டை விரித்து வைத்து, "இதப் பாருங்க தம்பி, முக்காவாசி அடைச்சிட்டேன்" என்றார். பென்சில் எழுத்து, எண்ணெய்க் கறை, நடுவில் கையெழுத்து. நான் பார்த்தேன், நம்பவும் செய்தேன். ஆனால் கோர்ட்டுக்கு வெளியே கொடுத்த பணம் கோர்ட்டில் பதிவாக வேண்டும். கடன் கொடுத்தவர் பதியாவிட்டால், கட்டியவரே 30 நாளுக்குள் மனுப் போட்டுப் பதிய வைக்க வேண்டும். பதியாத பணத்தை நிறைவேற்று நீதிமன்றம் கணக்கில் எடுக்காது. அந்த அம்மா ஒரே கடனை இரண்டு தடவை கட்டினார். டிக்ரி ஆன கடனை கோர்ட்டிலேயே கட்டுங்கள், இல்லையென்றால் வங்கி வழியாக அனுப்புங்கள். கையில் கொடுத்தால் கையெழுத்துப் போட்ட ரசீது வாங்கி, அந்த மாதமே வக்கீலிடம் கொடுத்துப் பதியச் சொல்லுங்கள்.

ஜெயில் பயத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும், எல்லோரும் முதலில் கேட்பது அதைத்தான். பண டிக்ரிக்காகப் பெண்களைக் கைது செய்யக் கூடாது. அதே உரிமையியல் நடைமுறைச் சட்டத்தில் 56-வது பிரிவு அப்படியே சொல்கிறது. குழுக் கடனுக்காக "உன்னைப் பிடிச்சு உள்ளே வச்சிருவாங்க" என்று எந்தப் பெண்ணிடம் யார் சொன்னாலும் அது பொய். ஆண்கள் விஷயத்தில், டிக்ரித் தொகை 2,000 ரூபாய் வரை இருந்தால் சிவில் சிறை கிடையாது. 5,000 ரூபாய்க்கு மேல் போனால் அதிகபட்சம் மூன்று மாதம். அதுவும் உடனே கிடையாது, ஏன் சிறை வைக்கக் கூடாது என்று கேட்டு நோட்டீஸ் கொடுத்து, பணம் இருந்தும் கொடுக்காமல் ஏமாற்றுகிறாரா என்று நீதிபதி விசாரிக்க வேண்டும். உண்மையிலேயே இல்லாத ஏழையை, இல்லாத குற்றத்துக்காகச் சிறையில் போடக் கூடாது என்று 1980-ல் உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி வி.ஆர்.கிருஷ்ணய்யர் தீர்ப்புச் சொன்னார். நான் வேலைக்கு வந்த காலத்தில் எங்கள் வக்கீல்கள் அந்தத் தீர்ப்பைப் பெருமையாகச் சொல்வார்கள். ஆனால் செக் திரும்பிய வழக்கு வேறு. அது குற்ற வழக்கு, ஆண் பெண் வித்தியாசம் இல்லை. வக்கீல் நோட்டீஸ் வந்த 15 நாளுக்குள் பணத்தைக் கட்டிவிட்டால் வழக்கு எழாது. வெற்று செக்கிலும் வெற்றுப் புரோநோட்டிலும் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கிற பழக்கத்தை நம் கரை மக்கள் விட வேண்டும்.

கடன் வாங்கியவர் பக்கமே பேசுகிறேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். மகள் கல்யாணத்துக்கு வைத்திருந்த பணத்தைப் பழக்கத்துக்குக் கொடுத்துவிட்டு, பத்து வருஷம் கோர்ட் படி ஏறிய விதவைகளையும் நான் பார்த்திருக்கிறேன். மாடி வீட்டைக் கடைசி நேரத்தில் மச்சினன் பெயருக்கு எழுதிவிட்டு, "என்கிட்ட ஒண்ணும் இல்லை அமீனா சார்" என்று ஏசி அறையில் உட்கார்ந்து சொன்னவரையும் பார்த்திருக்கிறேன். அப்படிப்பட்டவருக்குச் சிறை வேண்டியதுதான். கடலில் மீன்பாடு இல்லாமல் கட்ட முடியாமல் போனவரையும் அவரையும் ஒரே தட்டில் வைக்கக் கூடாது என்பதுதான் என் வேண்டுகோள்.

குழுக் கடன் வசூல்காரர்களுக்கு வருகிறேன். இந்த வகைக் கடனுக்கு அடமானமே வாங்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கி 2022-ல் கொண்டுவந்த விதி. காலை 9 மணிக்கு முன்பும் மாலை 6 மணிக்குப் பின்பும் போன் போட்டுத் தொந்தரவு செய்யக் கூடாது. இரு தரப்பும் ஒப்புக்கொண்ட பொது இடத்தில்தான் வசூல். தொடர்ந்து இரண்டு முறையாவது அங்கே வராமல் போனால்தான் வீட்டுக்கோ வேலை செய்கிற இடத்துக்கோ வரலாம். மிரட்டுவது, கெட்ட வார்த்தை பேசுவது, சொந்தக்காரரிடம் போய் மானத்தை வாங்குவது எல்லாமே விதி மீறல். எங்கள் தெருவில் விளக்கு வைத்த பிறகு வந்து திண்ணையில் உட்கார்ந்துகொண்டு, பணம் வந்தால்தான் எழுந்திருப்பேன் என்கிறார்கள். கடல்பாசி எடுத்துவிட்டு வந்த பெண் ஈரச் சேலையை மாற்றக்கூட உள்ளே போக முடியாமல் வாசலில் நிற்கிறார். இதை எழுதும்போதே கை நடுங்குகிறது.

அப்படி வந்தால் அடையாள அட்டை கேளுங்கள். பெயர், நேரம் எழுதி வையுங்கள். வந்த மெசேஜை அழிக்க வேண்டாம். முதலில் நிறுவனத்துக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். 30 நாளில் சரியான பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளருக்கு எழுதலாம், செலவு இல்லை. கோர்ட் உத்தரவு என்று பொய்த் தாள் அனுப்பினால் நேராகப் போலீஸ் நிலையம் போகலாம். கடன் வசூலில் மிரட்டலைத் தடுக்க 2025-ல் தமிழ்நாட்டில் தனிச் சட்டமே வந்திருக்கிறது. தனியாரிடம் மீட்டர் வட்டிக்கு வாங்கியவர்களுக்கு 2003-ம் வருஷத்துக் கந்துவட்டித் தடைச் சட்டம் இருக்கிறது, மூன்று வருஷம் வரை சிறையும் 30,000 ரூபாய் வரை அபராதமும் விதிக்கலாம்.

வீட்டை அடமானம் வைத்த வங்கிக் கடனுக்கு வழி வேறு. அங்கே சர்ஃபேசி என்கிற தனிச் சட்டப்படி வங்கி கோர்ட்டுக்குப் போகாமலே 60 நாள் நோட்டீஸ் கொடுத்து வீட்டைக் கைப்பற்றும் வேலையைத் தொடங்கலாம். நோட்டீசுக்குக் கட்டாயம் எழுத்தில் பதில் கொடுங்கள், வங்கி 15 நாளில் விளக்கம் சொல்லியாக வேண்டும். வீட்டைக் கைப்பற்றும் நடவடிக்கை வந்துவிட்டால் 45 நாளுக்குள் மதுரையில் உள்ள கடன் வசூல் தீர்ப்பாயத்துக்குப் போக வேண்டும். விவசாய நிலத்தை இந்தச் சட்டத்தில் எடுக்க முடியாது.

வக்கீலுக்குப் பணம் எங்கே போவது என்பார்கள். பெண்களுக்கும், தாழ்த்தப்பட்ட மற்றும் பழங்குடி மக்களுக்கும், மாற்றுத் திறனாளிகளுக்கும் வருமான வரம்பே பார்க்காமல் இலவசமாக வக்கீல் வைத்துத் தருகிறது சட்டப் பணிகள் ஆணைக்குழு. மற்றவர்களுக்கு வருமான வரம்பு உண்டு, நம் கூலி மீனவர்களில் பெரும்பாலோர் அதற்குள் அடங்குவார்கள். 15100 என்ற எண்ணுக்குப் போன் போட்டாலே வழி சொல்வார்கள். வழக்கை மக்கள் நீதிமன்றத்துக்கு அனுப்பச் சொல்லியும் கேட்கலாம். அங்கே பேசி முடித்தால் கடன் கொடுத்தவர் கட்டிய கோர்ட் பீஸ் அவருக்குத் திரும்பக் கிடைக்கும், அதனால் அவரும் கொஞ்சம் இறங்கி வருவார். அங்கே போடுகிற உத்தரவு டிக்ரிக்குச் சமம், அப்பீல் கிடையாது. அதனால் கட்ட முடிந்த தவணைக்கு மட்டும் ஒப்புக்கொள்ளுங்கள். சபையில் கூச்சப்பட்டு அதிகமாகச் சொல்லிவிட்டு அப்புறம் முழிக்க வேண்டாம்.

இரண்டாவது கோரிக்கை மாவட்ட நீதித்துறைக்கும் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்கும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடை. அந்த நாட்களில் படகுக்காரரும் கூலிகளும் கரையில் இருக்கிறார்கள். அரசு கொடுக்கிற 8,000 ரூபாய் நிவாரணத்தில் குடும்பம் நடக்கிறது. வட்டிக்குக் கைநீட்டுவதும் அப்போதுதான். மே மாதம் சிவில் கோர்ட்டுகளுக்குக் கோடை விடுமுறை, அது எனக்குத் தெரியும். ஏப்ரல் பின்பாதியும் ஜூன் முதல் இரண்டு வாரமும் இருக்கிறதே. அந்த நாட்களில் மண்டபம், தங்கச்சிமடம், தேவிபட்டினம், தொண்டி ஆகிய ஊர்களிலேயே மக்கள் நீதிமன்றம் உட்கார வேண்டும். மற்ற மாதங்களில் வாய்தாவுக்கு வரச் சொன்னால் அவர்கள் கடலில் இருப்பார்கள், "பிரதிவாதி கூப்பிட்டும் ஆஜராகவில்லை" என்று டிக்ரி ஆகிவிடும். தவணை போடும்போதும் இந்த இரண்டு மாதத்தை விட்டுவிட்டுப் போடும்படி வக்கீல்கள் கேட்க வேண்டும். நான் வேலையில் இருந்த காலத்தில் ஒரு நீதிபதி அப்படிப் போட்டார், அந்தத் தவணை ஒன்றுகூடத் தவறாமல் வந்து சேர்ந்தது.

எங்கள் தெருப் பெண்ணின் வாய்தா அடுத்த மாதம். அதற்கு முன்னால் வக்கீல் அமர்த்த, வருகிற திங்கட்கிழமை காலை முதல் பஸ்ஸில் அம்மாவும் மகனும் நானும் இராமநாதபுரம் சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகத்துக்குப் போகிறோம். புருஷனின் இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, ரேஷன் கார்டு எல்லாவற்றையும் எடுத்து வைக்கச் சொல்லியிருக்கிறேன். நேற்றுச் சாயங்காலம் போய்ப் பார்த்தேன். சம்மன் கவர் சுவரில் காலண்டர் ஆணியில் தொங்குகிறது. வாய்தா தேதியைச் சுற்றிப் பையன் பேனாவால் இரண்டு வட்டம் போட்டிருக்கிறான்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற நீதிமன்ற அமீனா,
தேவிபட்டினம் அருகில்,
இராமநாதபுரம் மாவட்டம்.